தலைப்புப் பக்கம் சொல்வது

அன்புள்ள சேகர்,

கடிதமும் படங்களும் கிடைத்தன. நீ வாங்கியிருக்கும் சாலமன் நார்த்தப்பின் ‘பன்னிரண்டு ஆண்டுகள் அடிமையாக’ நூலில் 1853, ஆபர்ன் (ஊர்), டெர்பி அண்ட் மில்லர் (பதிப்பகம்) என்று இருப்பதால், அது முதல் அச்சுதானா என்று கேட்டிருக்கிறாய். தலைப்புப் பக்கத்தில் ‘பத்தாவது ஆயிரம்’, அதாவது அச்சான படிகளில் பத்தாவது ஆயிரத்தைச் சேர்ந்தது, என்றும் ஒரு சிறு வரி இருக்கிறதே. அதே ஆண்டில் மீண்டும் அச்சேறிய படி என்பதற்கு அதுவே அடையாளம். வருந்தாதே. சுதந்திர மனிதராகப் பிறந்தும் கடத்தப்பட்டு லூசியானாவில் அடிமையாக உழன்ற ஒருவரின் வாக்குமூலத்தை மக்கள் எவ்வளவு வேகமாக வாங்கிப் படித்தார்கள் என்பதற்கு அந்த வரி சாட்சி.

இத்தகைய நூல்களில் நான் முதலில் பார்ப்பது, வெளியிட்டவர் யார் என்பதைத்தான். அடிமை நிலையிலிருந்து தப்பிவந்த பிரடெரிக் டக்ளஸ் எழுதிய 1845ஆம் ஆண்டுத் தன்சரிதத்தை வெளியிட்டது பாஸ்டன் கார்ன்ஹில் தெருவில் இருந்த அடிமைமுறை எதிர்ப்பு அலுவலகம். எஜமானர்களின் பெயர்களை அச்சிலேயே சொல்லிவிட்டதால், பிடிபடும் ஆபத்து மிகுந்து, அவர் அதே ஆண்டு கடல் கடக்க நேர்ந்தது.

ஆயினும் என் மனம், அடிமையாகப் பிறந்து தப்பிய ஹாரியட் ஜேக்கப்ஸின் ‘ஓர் அடிமைப் பெண்ணின் வாழ்க்கை நிகழ்வுகள்’ நூலையே சுற்றி வருகிறது. பாட்டி வீட்டுக் கூரைக்கடியில், நிமிர்ந்து நிற்க முடியாத இடுக்கில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்தவர் அவர். நூலை ஏற்றுக்கொண்ட பதிப்பகம் நொடித்துப்போகவே, அச்சுத் தகடுகளைத் தாமே விலைக்கு வாங்கி, 1861இல் பாஸ்டனில் வெளியிட்டார். அந்த முதல் பதிப்பை அண்மையில் ஒரு நூலகத்தில் கையில் எடுத்துப் பார்த்தேன். தலைப்புப் பக்கத்தில் பதிப்பாசிரியர் லிடியா மரியா சைல்டின் பெயர் இருக்கிறது, எழுதியவர் பெயர் இல்லை. அடியில் ‘நூலாசிரியருக்காக வெளியிடப்பட்டது’ என்ற ஒரு வரி மட்டும். அதைக் கற்பனைக் கதையென்று பல ஆய்வாளர்கள் நெடுங்காலம் ஒதுக்கிவைத்திருந்தார்கள் என்பதை இன்றும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. 1980களில் ஆய்வாளர் ஜீன் ஃபேகன் யெலின்தான், ஜேக்கப்ஸின் கடிதங்களைக் கொண்டு, அது அவரே எழுதிய உண்மை வரலாறு என்று நிறுவினார்.

உன் படியின் முதுகு கிழிந்திருப்பதால் புதுத் தோலில் கட்டலாமா என்கிறாய். தயவுசெய்து வேண்டாம். பழைய துணி அட்டை போனால் மதிப்பும் போகும், நூல் முதன்முதலில் வாசகர் கைக்கு வந்த கோலமும் போகும். அமிலமற்ற அட்டையில் ஒரு பெட்டி செய்து அதில் வை. உள்ளட்டையில் யாரோ பென்சிலால் எழுதியிருக்கும் பெயரையும் அழித்துவிடாதே. அந்தப் படி யார் வீட்டில் இருந்தது என்பதை அறிய வேறு வழி நமக்கு வாய்க்காமல் போகலாம்.

தோட்ட வேலை உடையில் நார்த்தப் இருக்கும் முகப்புப் படம் நீ அனுப்பியவற்றில் காணவில்லை. நூலில் இருக்கிறதா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
முரளி