முட்டு (ஆஸ்துமா) இருக்கிற புள்ளைக்கு பம்ப்பையும் (இன்ஹேலர்) குடுத்து அனுப்புங்க

அன்பான அம்மாமார், அப்பாமாருக்கு வணக்கம். அம்மா வெளிநாட்டுல இருக்கிற வீடுகள்ல புள்ளைகள வளக்கிற அம்மம்மாமாரும் இதை ஒருக்கா ஆரையும் கொண்டு வாசிச்சுக் கேளுங்க.

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் மரதன் பயிற்சி நடந்தது. ஆறாம் ஆண்டு மகன் ஒருத்தர் குளத்துக்கட்டு மட்டும் நல்லா ஓடிட்டு திரும்பி வரக்குள்ள வேலிக்கட்டையப் புடிச்சிட்டு நிண்டுட்டார், களைப்பாக்கும் எண்டுதான் நானும் நினைச்சன், கிட்டப் போய்ப் பாத்தா தோள் ரெண்டும் ஏறி ஏறி இறங்குது, கழுத்துக்குழி உள்ளுக்க இழுபடுது, நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்துற மாதிரி சத்தம். "பம்ப் எங்க மனே" எண்டு கேட்டா சொல்லுறதுக்கு மூச்சு இல்ல, கையால வீட்டுப் பக்கம் காட்டுறார். நிமித்தி இருத்தி, சுத்தி நிண்ட புள்ளைகள விலத்தி, 1990க்கு அடிச்சோம். சுவசெரிய அம்புலன்ஸ் வந்து ஏத்துமட்டும் அந்தக் கைய நான் விடல்ல. இப்ப புள்ள சுகம், பள்ளிக்கு வாறார்.

பம்ப் வீட்டு அலுமாரிக்குள்ள இருந்திருக்கு. மத்தப் புள்ளைகள் கண்டா "முட்டுக்காரன்" எண்டு பட்டம் வைப்பாங்க மிஸ், அதான் குடுக்கல்ல எண்டு தாய் அழுதாங்க. அவங்கள நான் ஏசல்ல. இன்னும் எத்தினை வீட்டு அலுமாரிக்குள்ள பம்ப் இருக்கோ எண்ட யோசனையிலதான் இதை எழுதுறன்.

"பம்ப் பழகினா பிறகு விடாது, குளிசை குடுத்தாக் காணும்" எண்டு நம்மட ஊர்ல ஒரு கதை கனகாலமா இருக்கு. கணக்கப் பாருங்க. நீலப் பம்ப்ப ஒருக்கா அமத்தினா வாறது 100 மைக்ரோகிராம் சல்பியூட்டமோல், அதே மருந்துக் குளிசை ஒண்டுல 2 மில்லிகிராம் இருக்கு, அதாவது இருபது மடங்கு, அதுவும் வயித்துக்குள்ள போய் ரத்தத்துல கலந்து உடம்பெல்லாம் சுத்தித்தான் நெஞ்சுக்கு வரணும், அதாலதான் கை நடுங்கும் நெஞ்சு படபடக்கும். பம்ப் மருந்து நேரா சுவாசப்பைக்குப் போகுது. நீலம் முட்டு வந்த நேரத்துக்கு. பிரவுண் நிறப் பம்ப் குடுத்திருந்தா அது முட்டு வராம தடுக்கிறது, அத சுகமா இருக்கிற நாளிலயும் டொக்டர் சொன்ன மாதிரி அடிக்கணும், அடிச்ச பிறகு வாய் கொப்புளிக்கணும். கன பேர் பிழை விடுறது இதுலதான், ரெண்டு கிழமை முட்டு இல்ல எண்ட உடனே பிரவுண நிப்பாட்டுறது.

சின்னப் புள்ளைகளுக்கு ஸ்பேசர், அதுதான் பம்ப்புல பூட்டுற பிளாஸ்டிக் குழாய், வெச்சுத்தான் அடிக்கணும். நல்லாக் குலுக்கி, ஒருக்கா மட்டும் அமத்தி, அஞ்சு ஆறு தரம் ஆறுதலா மூச்செடுக்க விட்டு, மறுகா குலுக்கி அடுத்தது. ரெண்டையும் ஒரேயடியா அமத்தினா மருந்து ஸ்பேசர்லதான் ஒட்டும்.

இனி புகை. புள்ளைகள்ட சுவாசப்பை இன்னும் வளந்துகொண்டிருக்கு, நம்மளவிட வேகமா மூச்செடுக்கிறதும் அவங்கதான். 2022ல காஸ் இல்லாம போன நேரம் திரும்ப விறகுக்குப் போன வீடுகள் கன இருக்கு, அத நான் குறையாச் சொல்லல்ல. காஞ்ச விறகா வெச்சு எரிங்க, குசினிக் கதவு ஜன்னலத் திறந்து வைங்க, கைக்குழந்தைய இடுப்புல வெச்சுக்கொண்டு ஊதாங்குழல் ஊதாதீங்க. நுளம்புத்திரியப் பத்தி எனக்கே தெரியாம இருந்தது. ஒரு திரி முழுசா எரிஞ்சா வாற நுண்தூசி 75 தொடக்கம் 137 சிகரெட் எரிஞ்சதுக்குச் சமன் எண்டு 2003ல வந்த ஒரு ஆய்வு சொல்லுது, நாம அத கதவையும் சாத்திப்போட்டு புள்ளைட தலைமாட்டுல வெச்சிட்டுப் படுக்கிறம்! டெங்குப் பயம் இருக்குதான், அதுக்கு நுளம்பு வலை கட்டுங்க.

நாங்களும் பிழை விட்டிருக்கிறம். பள்ளிக்குப் பின்னால சருகையும் யோகட் கோப்பையையும் சேத்துக் கொளுத்துறது வழக்கமா இருந்தது, புகை நேரா ரெண்டாம் ஆண்டு வகுப்புக்குள்ள போகும். அத நிப்பாட்டியாச்சு, சருகுக்கு கிடங்கு வெட்டியிருக்கு. வேளாண்மை வெட்டி முடிஞ்சு வைக்கல் கொளுத்துற வயல்காரர், பள்ளிப் பக்கத்து வயல்கள்ல மட்டுமாவது அதக் கைவிடுங்க, கையெடுத்துக் கேக்கிறன்.

அப்பாமாருக்கு ஒண்டு. சிகரெட் வாங்க புள்ளையக் கடைக்கு அனுப்பாதீங்க. 21 வயசுக்குக் கீழ உள்ள ஆக்களுக்கு விக்கிறது 2006ம் ஆண்டுச் சட்டப்படி குத்தம், கடைக்காரரும் மாட்டுவார். வாசல்ல நிண்டு பத்திட்டு வந்து புள்ளையத் தூக்கினாலும் சட்டையில அந்த மணம் இருக்கும், முட்டுக்காரப் புள்ளைக்கு அதுவே காணும். ரெண்டு கிழமைக்கு மேல இருமல் நிக்காட்டி, அது அப்பப்பாவா இருந்தாலும், ஆஸ்பத்திரியில சளி டெஸ்ட் பண்ணுங்க. காசநோய் எண்டு வந்தாலும் மருந்து இலவசம், வழமையா ஆறு மாசம் விடாமக் குடிச்சா சுகமாகும்.

வெள்ளிக்கிழமை காலையில, முட்டு இருக்கிற புள்ளைகள்ட அம்மாவோ அப்பாவோ கிளினிக் கொப்பியோட என்ட அறைக்கு வாங்க. பம்ப் ஒண்டு புள்ளைட பேக்ல, கூடுதலா ஒண்டு இருந்தா பேர் எழுதி ஒபிஸ்ல, பூட்டாத லாச்சியில வைப்பம். பட்டம் வைக்கிற கதைய என்னட்ட விடுங்க, திங்கக்கிழமை காலைக் கூட்டத்துல பம்ப் என்னத்துக்கு எண்டு நானே எல்லாப் புள்ளைகளுக்கும் செய்து காட்டப்போறன்.

அந்த மகன்ட பேர மரதன்ல இருந்து வெட்டல்ல. கிளினிக் டொக்டர் ஓம் எண்டா அவர் ஓடுவார், பம்ப்போட நான் குளத்துக்கட்டுல நிப்பன்.

இப்படிக்கு,
உங்கட அதிபர்