ஒரு யார்டு போதும், கோச்

மதிப்பிற்குரிய கோச் ஸ்டீவ் சர்கீசியன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் டெக்சஸ் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணி வருகிற சனிக்கிழமை, 2025 ஆகஸ்ட் 30, ஒஹாயோ ஸ்டேட் ஊரில் ஆடுகிறது. காலை பதினொரு மணிக்கு இந்த ஆஸ்டின் ஊரில் பாதிப் பேர் டிவி முன்னால்தான் இருப்போம். கொலம்பஸில் அப்போது உச்சி வெயில். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒஹாயோ ஸ்டேட் ரசிகர்கள் சிவப்புச் சட்டையில் உங்கள் பையன்களைப் பார்த்துக் கத்தப் போகிறார்கள். சீசன் தொடங்குவதே போன ஜனவரியில் நம்மை மூட்டை கட்டி அனுப்பியவர்களோடு. அட்டவணை போட்டது எத்தனையோ வருடங்களுக்கு முன்பு என்று தெரியும். இருந்தாலும் போட்டவர் கையில் ஏதோ குறும்பு இருந்திருக்கிறது.

இந்த வாரம் உங்களுக்கு ஆயிரம் பேர் அறிவுரை சொல்லியிருப்பார்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று: எண்ட் ஸோன், அதாவது பந்தோடு நுழைந்தால் டச்டவுன் கிடைக்கும் அந்தக் கடைசிப் பகுதி, அதன் வாசலில் ஒரு யார்டு பாக்கி இருக்கும்போது நேராகப் போங்கள்.

எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆட்டம் பழக்கமில்லாத நம் ஆட்களும் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். 2025 ஜனவரி 10, காட்டன் பவுல், தேசிய அரையிறுதி. ஒஹாயோ ஸ்டேட் 21, டெக்சஸ் 14. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது பந்து நம்மிடம், கோட்டுக்கு ஒரே ஒரு யார்டு தூரத்தில். கையில் நான்கு முயற்சி. மூன்று அடி நகர்ந்தால் டச்டவுன். முதல் முயற்சி நடுவில் மோதியது, ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாவது முயற்சிக்கு நீங்கள் டாஸ் போட்டீர்கள். பந்து பின்னால் போய், ஓட்டக்காரர் பக்கவாட்டில் வளைந்து வெளியே போவதற்குள் அவர்கள் வந்து வளைத்துக்கொண்டார்கள். ஏழு யார்டு நஷ்டம். மூன்றாவது முயற்சியில் பாஸ் வீண். நான்காவதில் அவர்களுடைய ஜாக் சாயர் வந்து, பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் நம் குவார்ட்டர்பேக் குவின் யூவர்ஸைத் தாக்கிப் பந்தைப் பறித்து, மறுமுனைக்கு 83 யார்டு ஓடிவிட்டார். 28-14. யூவர்ஸ் முன்பு ஒஹாயோவில் இருந்த காலத்தில் இவர்கள் இருவரும் ஒரே அறையில் தங்கியவர்கள் என்பதையும் அன்று இரவு முழுக்க டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச.

உள்ளே ஆள் குவிந்திருந்தார்கள், அதனால் வெளியே போனோம் என்பது உங்கள் பக்கத்து நியாயமாக இருக்கலாம். காகிதத்தில் சரிதான். ஆனால் கோட்டுக்கு அவ்வளவு அருகில் தடுப்பவர்களுக்குப் பின்னால் காக்க வேண்டிய இடமே இல்லை. பதினொரு பேரும் முன்னால் பாய்கிறார்கள். அந்த நேரத்தில் பந்தைப் பின்னால் கொண்டுபோனால் அவர்களுக்கு நாமே நேரம் கொடுத்த மாதிரி. கடைசிப் பந்தில் ஒரு ரன் வேண்டும் என்றால் தட்டிவிட்டு ஓடுவோமா, ரிவர்ஸ் ஸ்வீப் அடிப்போமா?

அது ஒருமுறை நடந்த விபத்து என்றால் விட்டுவிடுவேன். 2023 அக்டோபரில் டல்லஸில் ஓக்லஹோமாவுக்கு எதிராகவும் இதே ஒரு யார்டுதான். நான்கு முயற்சியிலும் உள்ளே போக முடியாமல் திரும்பினோம், 34-30 என்று தோற்றோம். அந்த சீசனில் 12 வெற்றி, இரண்டே தோல்வி. அதற்கடுத்த சீசன் 13 வெற்றி. இவ்வளவு நல்ல அணி, மைதானத்தின் நடுவில் யாரையும் கிழித்துக்கொண்டு போகும் அணி, வாசற்படியில் ஏன் தடுக்கி விழுகிறது?

உங்கள் மேல் மரியாதை இல்லாமல் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 2021-இல் நீங்கள் வந்த முதல் வருடம் 5 வெற்றி, 7 தோல்வி. சொந்த மைதானத்தில் கான்சஸிடம் 57-56 என்று தோற்ற நாளில் உங்களை வண்டி ஏற்றி அனுப்பச் சொன்னவர்கள் இந்த ஊரில் நிறைய. அங்கிருந்து அலபாமாவை அவர்கள் ஊரிலேயே 34-24 என்று வென்றீர்கள், இரண்டு வருடம் தொடர்ந்து அரையிறுதி வரை கூட்டிப்போனீர்கள். ஆட்டத்தின் நகர்வுகளை நீங்களே அழைப்பவர், மூளைக்காரர். என் பயமே அந்த மூளைதான். ஒரு யார்டுக்கு மூளை தேவையில்லை, தோள் போதும்.

இந்த வருடம் தோள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எதிராளியைத் தள்ளி வழிவிடும் முன்வரிசையில் ஐந்து பேரில் நான்கு பேர் போய்விட்டார்கள். கெல்வின் பேங்க்ஸை என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கின் வீரர் தேர்வில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணி ஒன்பதாவது ஆளாக எடுத்துக்கொண்டது. பழைய ஐவரில் மிச்சம் டிஜே கேம்பல் மட்டும். கூஸ்பி இடது முனையைப் பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறேன். ஆனால் புது வரிசையின் முதல் பரீட்சையே அந்த இரைச்சலில், பக்கத்தில் நிற்பவன் சொல்வதுகூடக் காதில் விழாத இடத்தில். ஊரெல்லாம் நம் புதுக் குவார்ட்டர்பேக்கைப் பற்றி ஆர்ச், ஆர்ச் என்று பேசும்போது நான் பார்க்கப்போவது இந்த ஐந்து பேரின் காலடியைத்தான். பந்து நகர்ந்த நொடியில் அவர்கள் கால் முன்னால் போகிறதா, பின்னால் போகிறதா? முதல் கால்மணி நேரத்திலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

ஆர்ச் மேனிங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாத்தா ஆர்ச்சி, சித்தப்பாக்கள் பெய்டன், ஈலை, மூவரும் என்.எஃப்.எல். குவார்ட்டர்பேக்குகள். இப்படி ஒரு வீட்டில் பிறந்தால் நடக்கப் பழகும் முன்பே ஊர் மதிப்பெண் போட ஆரம்பித்துவிடும். பையன் கல்லூரியில் இதுவரை முதல் ஆளாக இறங்கியது இரண்டே ஆட்டம். அதற்குள் கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதைக் கையில் கொடுத்துவிட்டார்கள் டிவிக்காரர்கள். போன வருடம் யூடிஎஸ்ஏ ஆட்டத்தில் யூவர்ஸ் அடிபட்டு வெளியேறியதும் உள்ளே வந்து 67 யார்டு ஓடிப்போய் டச்டவுன் போட்டானே, அதைப் பார்த்து நானும்தான் குதித்தேன். ஆனால் சனிக்கிழமை அவனிடமிருந்து சாகசம் எதுவும் எனக்கு வேண்டாம். எதிரே அவர்கள் தடுப்பு வரிசையில் கேலப் டவுன்ஸ் நிற்கிறார், பின்னால் திட்டம் போடுவது மேட் பட்ரீசியா. என்.எஃப்.எல்.லில் பெரிய பெரிய குவார்ட்டர்பேக்குகளைக் குழப்பியவர், இந்தப் பையனை விடுவாரா? பந்தைப் பறிகொடுக்காமல், கிடைப்பதை வாங்கிக்கொண்டு வந்தால் போதும்.

அவனிடம் இன்னொன்றும் இருக்கிறது. ஆறடி நான்கு அங்குல உயரம், அதற்கேற்ற உடம்பு. காட்டன் பவுலில் ஒரே ஒரு முறை அவனிடம் பந்தைக் கொடுத்து ஓடவிட்டீர்கள், எட்டு யார்டு எடுத்துக்கொடுத்தான். அந்த ஒரு யார்டு வந்தபோது அவன் வெளியில் நின்றுகொண்டிருந்தான். இந்த முறை அவன்தான் குவார்ட்டர்பேக், வெளியில் நிறுத்தச் சாக்கே கிடையாது. ஓட்டக்காரர்களில் போன வருடம் ஆயிரம் யார்டு தாண்டிய விஸ்னர் இருக்கிறார், முழங்கால் காயத்தோடு 2024 முழுக்க உட்கார்ந்திருந்த பாக்ஸ்டர் திரும்பிவிட்டார். தோளுக்குப் பஞ்சமில்லை.

ஜெயிப்போமா? சீசனுக்கு முந்தைய ஏபி செய்தி நிறுவனத் தரவரிசைப் பட்டியலில் டெக்சஸ் முதலிடம் பிடித்தது வரலாற்றிலேயே இதுதான் முதல் தடவை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஒரு ஆட்டம்கூட ஆடாமல் கிடைத்த இடம். ஆனால் அவர்கள் பக்கமும் சுகமில்லை. போன வருட அணியிலிருந்து 14 பேரை என்.எஃப்.எல். எடுத்துக்கொண்டது. குவார்ட்டர்பேக் ஜூலியன் சாயின் முதல் ஆளாக இறங்குவது இதுதான் முதல் முறை. அவரை நம் காலின் சிமன்ஸும் ஆந்தனி ஹில்லும் நிம்மதியாக நிற்கவிடப் போவதில்லை. என் கணக்கு 20-17, நமக்கு. என் கணக்கு எடுபட்டதே இல்லை என்று வீட்டில் சொல்வார்கள், அது வேறு விஷயம்.

2005-ஐ எல்லோரும் இழுக்கிறார்கள். அதே கொலம்பஸ், அதே மைதானம். நம் குவார்ட்டர்பேக் வின்ஸ் யங் கடைசி மூன்று நிமிடத்துக்குள் லைமஸ் ஸ்வீடுக்கு 24 யார்டு டச்டவுன் வீசி, 25-22 என்று ஜெயித்து, அந்த சீசன் கோப்பையோடு முடிந்தது. நல்ல ஞாபகம்தான். ஆனால் அன்றைக்கு ஒரு தோல்வி என்றால் கதை கிட்டத்தட்ட முடிந்துவிடும். இன்றைக்குக் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றில் 12 அணிகள். போன வருடம் ஒஹாயோ ஸ்டேட்டே ஓரிகனிடமும் மிஷிகனிடமும் தோற்றுவிட்டு, கடைசியில் கோப்பையைத் தூக்கியது. அதனால் சனிக்கிழமை தோற்றால் நான் ஒப்பாரி வைக்க மாட்டேன். ஜார்ஜியா ஊருக்கு நவம்பரில் போகவேண்டும், ஏ அண்ட் எம் இங்கே வரவேண்டும், சீசன் நீளமானது.

எப்படித் தோற்கிறோம் என்பதைத்தான் பார்ப்பேன். ஃபோர்த் டவுன், அதாவது நான்காவது, கடைசி முயற்சி, கோட்டுக்கு ஒரு யார்டு, அவர்கள் பதினொரு பேரும் நடுவில் குவிந்து நிற்கிறார்கள், நாம் நேராகத்தான் வருவோம் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். அப்போதும் நேராகவே போங்கள். கிடைக்காவிட்டால் கிடைக்காமலேயே போகட்டும். அதற்காக உங்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அடுத்த சனிக்கிழமை சான் ஹொசே ஸ்டேட் ஆட்டத்துக்கு அதே ஆரஞ்சுச் சட்டையோடு வந்து உட்காருவேன்.

இப்படிக்கு,
ஆஸ்டினிலிருந்து ஒரு ரசிகன்

பி.கு.: அவர்களுடைய பாஸ் பிடிக்கும் ஜெரமையா ஸ்மித்தைப் போன முறை ஒரே ஒரு கேட்ச், மூன்று யார்டோடு கட்டிப்போட்டீர்கள். அவர் அதை மறந்திருக்க மாட்டார். ஒருவருக்கு இருவராக நிறுத்துங்கள், தயவுசெய்து.