யுஎன்சி என்று எழுதினால் போதுமா? நாணயச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் நாணயக் கண்காட்சி நடத்தும் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

உங்கள் அரங்குகளில் குடியரசுக் கால நாணயங்கள் விற்கும் மேசைகளில் காசைச் செருகி வைத்திருக்கும் எந்த ஹோல்டர் உறையைப் புரட்டினாலும் ஒரே சொல்தான்: யுஎன்சி, அதாவது ‘அன்சர்குலேட்டட்’. காசு புழங்கவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. வடிவத்தைக் காசில் பதிக்கும் எஃகு முத்திரையான டை எவ்வளவு நன்றாகப் பதிந்தது, அதாவது அச்சு எப்படி என்பது வேறு கேள்வி. மூட்டை பிரித்து எடுத்த புதுக் காசிலும் சிங்கத்தின் முகம் மொழுக்கென்று இருக்கலாம். புதிதாகச் சேர்ப்பவர் அதைத் தேய்மானம் என்று ஒதுக்குகிறார், அல்லது நல்ல அச்சுக்குரிய விலையை மங்கல் காசுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

வெற்று வில்லை இரண்டு டைகளுக்கு நடுவே நசுங்கும்போது உலோகம் டையின் பள்ளங்களுக்குள் ஏறுகிறது. ஆழமான பள்ளம் கடைசியில்தான் நிரம்பும். அழுத்தம் குறைந்தாலோ, டைகளின் இடைவெளி கூடினாலோ, வில்லை மெலிந்திருந்தாலோ அந்த இடம் பாதியிலேயே நின்றுவிடும். ஒரு ரூபாய் 1992இல் செம்பும் நிக்கலும் கலந்த குப்ரோ நிக்கலை விட்டுத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறியது. எஃகு கடினம், பள்ளத்துக்குள் லேசில் ஏறாது, டையையும் சீக்கிரம் தின்றுவிடும். அதனால் 1980களின் 6 கிராம் குப்ரோ நிக்கல் ரூபாயை அளவுகோலாக வைத்து எஃகு ரூபாயை மட்டம் தட்டுவது சரியல்ல. பளபளப்பாக்கிய டையால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை சேர்ப்போருக்கென்றே அடிக்கும் ப்ரூஃப் காசும் அளவுகோல் ஆகாது. வடிவத்தில் என்னென்ன கோடுகள் உண்டு என்று தெரிந்துகொள்ள மட்டும் அது உதவும். அதே ஆண்டு, அதே நாணயச்சாலைக் காசுகள் நாலைந்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே முறை.

பார்க்கும் விதத்தையும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. அரங்கின் டியூப்லைட் வெளிச்சம் எல்லாக் குறையையும் மறைத்துவிடும். ஒற்றை விளக்கு, பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழும் ஒளி, கீழே மெத்தென்ற துணி, இவ்வளவு போதும். காசை விளிம்பில் பிடித்து, முதலில் வெறுங்கண்ணால் மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். பிறகு 5 மடங்கு லென்ஸ். 10 மடங்கு லூப்பைச் சந்தேகம் வந்த இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். எடுத்தவுடன் அதைக் கண்ணில் வைத்தால் எல்லாக் காசும் குறையுள்ளதாகத்தான் தெரியும். 2011 வரிசைக் காசுகளில் நடுச் சிங்கத்தின் முகமும் பிடரியும், பீடத்திலுள்ள சக்கரம், அதன் கீழுள்ள ‘சத்யமேவ ஜயதே’ எழுத்துகள், இந்த மூன்றையும் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இனி, தேய்மானமா, நிரம்பாத அச்சா என்று பிரிப்பது. நிரம்பாத இடத்தில் வில்லையின் பழைய தோல் அப்படியே மிஞ்சியிருக்கும்: பொடிக் கீறல்கள், புள்ளிக் குழிகள், லேசான சொரசொரப்பு. டை முழுதாக அழுத்தியிருந்தால் அவை நசுங்கி மறைந்திருக்கும். காசைச் சுழற்றினால் சுற்றியுள்ள பரப்பின் ஒளி அறுபடாமல் ஓடும். தேய்ந்த காசிலோ மேடுகள் வழவழப்பாகி, நிறம் மாறி, ஒளி அங்கே வந்ததும் செத்துவிடும். டையே தேய்ந்திருந்தால் அடையாளம் வேறு. எழுத்துகளின் ஓரம் விளிம்பை நோக்கி இழுபட்டு அகன்றிருக்கும், வெற்றுப் பரப்பில் மையத்திலிருந்து வெளியே ஓடும் மெல்லிய வரிகள் தெரியும். (புளியும் பற்பசையும் போட்டுத் தேய்த்த காசில் இந்தச் சோதனைகள் எதுவும் பலிக்காது. அதை விற்பனை மேசைக்கே விடாதீர்கள்.)

எங்களுக்குப் பெரிய கவலை கிரீஸ்தான். டையின் பள்ளத்தில் கிரீஸும் தூசியும் அடைத்துக்கொண்டால் ஓர் எழுத்தோ இலக்கமோ மங்கும், சில சமயம் காணாமலே போகும். இதை ‘அபூர்வ எரர்’ (அரிய அச்சுப் பிழைக் காசு) என்று விற்பது ஒரு பக்கம். அதைவிட மோசம் நாணயச்சாலைக் குறி அடைபடுவது. மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. நொய்டாக் காசில் அந்தப் புள்ளி அடைபட்டால் அது கொல்கத்தா ஆகிவிடுகிறது! அந்த ஆண்டின் கொல்கத்தாக் காசு அரிதாக இருந்துவிட்டால் விலை எங்கேயோ போய்விடும். ஆண்டுக்குக் கீழே ஒளியைத் தாழ்வாகச் சாய்த்துப் பாருங்கள். அடைபட்ட குறி பல சமயம் மெல்லிய புடைப்பாகத் தெரியும். பக்கத்து இலக்கங்களும் மழுங்கியிருக்கலாம். சந்தேகமற்ற கொல்கத்தாக் காசோடு இலக்கங்களின் வடிவத்தையும் விளிம்பையும் ஒப்பிடாமல் யாரும் பணத்தை எடுக்கக் கூடாது.

அச்சுக்கென்று தனி அளவுகோல் வைப்பது புதிதல்ல. அமெரிக்காவின் ஜெஃபர்சன் 5 சென்ட் காசில் மான்டிசெல்லோ மாளிகையின் படிகளை எண்ணுகிறார்கள். ஐந்து படிகளாவது அறுபடாமல் பிரிந்து தெரிந்தால்தான் ‘முழுப் படி’ என்ற பட்டம். 70 வரை போகும் தர எண்ணோடு இதையும் தனியே எழுதுகிறார்கள். படிகளைக் குறுக்கே வெட்டும் ஒரு ஆழமான கீறல் போதும், பட்டம் போய்விடும். நம் மேசைகளில் சிங்கத்துக்கு அப்படி ஒன்று ஏன் இருக்கக் கூடாது? பத்து ரூபாய் போன்ற இரட்டை உலோகக் காசுகளுக்கு வளையத்தையும் நடுவட்டத்தையும் தனித்தனியே பார்க்கும் விதி வேண்டியிருக்கும். இரண்டு உலோகமும் ஒரே மாதிரி ஏறுவதில்லை. அதை அடுத்த கட்டத்தில் பேசிக்கொள்ளலாம்.

உங்கள் அடுத்த கண்காட்சியின் மேசை விதிகளில் இந்த வரிகளைச் சேர்க்கக் கோருகிறோம்:

“1992க்குப் பிந்தைய நாணயங்களின் ஹோல்டரில் நிலையும் அச்சும் தனித்தனியே எழுதப்பட வேண்டும். அச்சு: முழு, நடுத்தரம், மங்கல். மங்கல் எனில் இடத்தையும் குறிப்பிட வேண்டும் (முகம், சக்கரம், எழுத்து, ஆண்டு). கிரீஸ் அடைப்பை எரர் என்ற தலைப்பில் விற்கக் கூடாது. குறியில்லாத காசைக் கொல்கத்தா என்று விற்பவர், வாங்குபவர் கேட்டால், ஒப்பிட்டுப் பார்க்க அதே ஆண்டின் இன்னொரு கொல்கத்தாக் காசைக் காட்ட வேண்டும்.”

இப்படிக்கு,
குடியரசுக் கால நாணயங்கள் சேர்ப்போர் சிலர்