மூன்று டிராக்கை ஒன்றாக்கும் முன்

அன்புள்ள பாஸ்கர்,

இங்கே எல்லோரும் நலம். நீ நாலு டிராக் கேசட் ரெக்கார்டரில் பதிந்து அனுப்பிய பாட்டை ஹெட்ஃபோனிலும் ஸ்பீக்கரிலும் மாற்றி மாற்றிக் கேட்டேன். மெட்டு அருமை, குரலும் சுத்தமாக விழுந்திருக்கிறது. டிரம், பேஸ் கிட்டார், ரிதம் கிட்டார் மூன்றையும் பவுன்ஸ் செய்த, அதாவது ஒன்றாகக் கலந்து நகலெடுத்த, அந்த நாலாவது டிராக்தான் பாட்டை அமுக்குகிறது. பேஸைத் தூக்கினால் எல்லாம் கொழகொழவென்று ஆகிறது, கிட்டாரைக் குறைத்தால் ஸ்னேர் டிரம்மும் கூடவே போகிறது என்று எழுதியிருந்தாய். ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை எப்படி நகர்த்தினாலும் இது சரியாகாது. எதை எதோடு சேர்த்தாய் என்பதில்தான் தவறு.

ஒரு டிராக்கில் கலந்த பிறகு உன் கையில் மிஞ்சுவது தாழ்ந்த (லோ), உயர்ந்த (ஹை) ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ குமிழ் மட்டும்தான். ஆகவே அந்தக் குமிழால் பிரிக்க முடிந்தவற்றைத்தான் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். பேஸின் உடம்பு பெரும்பாலும் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே. கிலுகிலுப்பை போல ஆட்டும் ஷேக்கரின் சலசலப்பு 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே. இரண்டும் ஒரே டிராக்கில் இருந்தாலும் லோ குமிழ் பேஸை மட்டும் தொடும், ஹை குமிழ் ஷேக்கரை மட்டும் தொடும். கிட்டாரும் கீபோர்டும் அப்படியில்லை. இரண்டும் நடுப்பகுதியில் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்கும். சேர்த்தால் சேர்த்ததுதான். இன்னொன்று, பேன், அதாவது ஒலி இடது, நடு, வலது என்று எங்கே நிற்கிறது என்பது. ஒரே டிராக்கில் போனவை எல்லாம் ஒரே இடத்தில்தான் நிற்கும். டிரம்மும் பேஸும் எப்படியும் நடுவில் நிற்பவை, அவை சேரலாம். ஓரத்துக்குப் போக வேண்டிய கிட்டாரை அங்கே தள்ளியதுதான் வினை.

நாலு டிராக்கில் இப்படிப் போய்ப் பார். ஒன்றில் டிரம், இரண்டில் பேஸ். இரண்டையும் நாலுக்கு பவுன்ஸ் செய். பிறகு ஒன்றில் கிட்டாரை வாசித்து, அதை மூன்றுக்கு மாற்றும்போதே மைக் முன்னால் ஷேக்கரை நேரடியாக ஆட்டு. அதுவும் சேர்ந்து பதிவாகிவிடும். ஒன்றும் இரண்டும் குரலுக்குக் காலி. ஒவ்வொரு பவுன்ஸிலும் நேரடியாக ஒரு பகுதியைச் சேர்த்துக்கொண்டே போனால் 4+3+2+1 என்று பத்து பகுதி வரை ஏற்றலாம், எதுவும் இரண்டாம் தலைமுறைக்கு மேல் போகாது, அதாவது ஒரு தடவைக்கு மேல் நகலாகாது. ஆனாலும் ஆறோடு நிறுத்திக்கொள். பத்து ஏற்றிய பாட்டில் எதற்கும் இடம் இருக்காது.

கை வேலையில் கவனிக்க வேண்டியது: நாலுக்கு பவுன்ஸ் செய்யும் சேனல்களின் உள்ளீட்டு ஸ்விட்சை டேப் பக்கம் வைத்து, பேனை முழுக்க வலது பக்கம் திருப்பு. இந்த வகை ரெக்கார்டர்களில் பொதுவாக வலது பஸ்தான் (வலது பக்க ஒலி சேர்ந்து போகும் வழி) இரட்டைப்படை டிராக்குக்குப் போகும். பாதியில் நின்றால் லெவல் குறையும், டேப் இரைச்சல் ஏறித் தெரியும். நாலாவது சேனலின் ஃபேடர் முழுக்கக் கீழே இருக்கட்டும். பதிவாகும் ஒலியே சுற்றித் தன்னிடம் திரும்பி வந்தால் ஊளையிடும். பக்கத்து டிராக்குக்கு, அதாவது மூன்றிலிருந்து நாலுக்கு மாற்றும்போது, ஹையைக் கூட்டாதே. டேப்பைப் பதிந்து படிக்கும் ஒரே ஹெட்டில் இரண்டு டிராக்கும் ஒட்டி ஒட்டி இருப்பதால் அங்கும் கீச்சிடும். முதலில் 20 விநாடி மட்டும் பதிந்து, மூலத்தோடு ஒப்பிட்டுக் கேள். முழு பவுன்ஸும் முடிந்து, கடைசி வரை கேட்டுத் திருப்தி ஆகும் வரை ஒன்று, இரண்டின் மேல் எதையும் பதியாதே.

பவுன்ஸில் ஹை கொஞ்சம் மங்கும், பின்னால் வரும் குரலும் அதை மூடும். அதனால் ஸ்னேரையும் ஷேக்கரையும் காதுக்குச் சரி என்று படுவதைவிட ஒன்றிரண்டு டெசிபல் தூக்கலாகவே வை. அளவு பார்க்கும்போது பல்லவியை நீயே வாய்விட்டுப் பாடிக்கொண்டு பார். குரல் இல்லாத வெற்றிடத்தில் வைத்த அளவு குரல் வந்ததும் நிற்காது. ரிவெர்பை, அந்த அறை எதிரொலியை, இப்போது போடாதே. மோனோவில், அதாவது ஒரே டிராக்கில், போட்ட ரிவெர்பை அப்புறம் விரிக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. உரத்த ஒலியை அமுக்கிச் சமன் செய்யும் கம்ப்ரஸர் வேண்டுமானால் பேஸுக்குத் தனியாக, சேர்ப்பதற்கு முன்பே போட்டுவிடு. சேர்த்த பின் போட்டால் கிக் டிரம் அடிக்கும்போதெல்லாம் மொத்தமும் அமுங்கி எழும்பும்.

இரைச்சல் பற்றிக் கேட்டிருந்தாய். ஒரே அளவில் மூன்று டிராக் சேர்ந்தால் இரைச்சல் மட்டும் ஏறக்குறைய 5 டெசிபல் ஏறும். வாத்தியம் சும்மா இருக்கும் இடங்களில் அந்த ஃபேடரை இறக்கிவிடு. குரோம் டேப்பே போடு, சி-90 வேண்டாம், மெல்லியது. சி-60, பக்கத்துக்கு 30 நிமிடக் கேசட், போதும். உன் ரெக்கார்டரில் அது இரட்டை வேகத்தில் ஓடுவதால் 15 நிமிடம்தான் கிடைக்கும், அதுவும் ஒரே திசையில். நாலு டிராக்கும் டேப்பின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்வதால் மறுபக்கம் என்று ஒன்று கிடையாது. ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, காய்ந்த பிறகு டேப்பைப் போடு.

கிட்டாருக்கு இரண்டு மைக் வைத்ததாகச் சொன்னாயே, அந்தக் குழாய்க்குள் இருந்து வருவது போன்ற சத்தம் அதனால்தான். ஒரு மைக் இன்னொன்றைவிட 34 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் ஒலி ஒரு மில்லிவிநாடி பிந்தி வரும். இரண்டையும் ஒரே டிராக்கில் கலக்கும்போது 500, 1,500, 2,500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும். கிட்டாரின் தெளிவு இருப்பதே அந்தப் பகுதியில். எந்த ஈக்யூவும் அதை மீட்காது. ஒரு மைக்கே போதும், கழுத்தும் உடலும் சேரும் இடத்தைப் பார்த்தபடி ஓரடி தள்ளி வை.

டிஜிட்டல் எட்டு டிராக்குக்கு மாறலாமா என்கிறாய். மாறலாம். அங்கே பவுன்ஸில் இரைச்சல் ஏறாது, ஹை மங்காது, மூலத்தை வெர்ச்சுவல் டிராக்கில், அதாவது கூடுதலாகச் சேமித்து வைக்கும் டிராக்கில், பத்திரப்படுத்தலாம். லெவலில்தான் கவனம் வேண்டும். டேப் கொஞ்சம் பொறுக்கும். டிஜிட்டலில் மீட்டர் உச்சமான பூஜ்யத்தைத் தாண்டினால் படபடவென்று உடையும். சேர்ப்பதற்கு முன் ஒவ்வொரு டிராக்கையும் 5, 6 டெசிபல் இறக்கிவிட்டுத் தொடங்கு.

டிரம்மையும் பேஸையும் புதிதாக பவுன்ஸ் செய்ததும், வேறு எதுவும் சேர்ப்பதற்கு முன் அதை மட்டும் அனுப்பு. கேட்டுவிட்டு உடனே எழுதுகிறேன்.

அன்புடன்,
ரகு