நீயே பேசு, அண்ணா

அண்ணா,

அண்ணி அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். உன் சின்னவன் பால் கேட்கிறான். "ப-ப-ப-பால்." அப்புறம் ஓர் இடத்தில் சத்தமே இல்லை. வாய் திறந்திருக்கிறது, எதுவும் வரவில்லை என்பது கேட்கும்போதே தெரிகிறது. பிறகு சொல் வெடித்துக்கொண்டு வருகிறது. "மெதுவா சொல்லுய்யா" என்கிறார் அண்ணி. நடுவில் யாரோ டிவி சத்தத்தைக் குறைக்கிறார்கள். அது நீதான். அந்தப் பதிவு முழுக்க நீ அங்கே இருக்கிறாய், உன் குரல் மட்டும் இல்லை.

இதை உனக்குத் தனியாக எழுதித்தான் அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. அதனால் இங்கே. உன்னைப் போல் இன்னும் சில அப்பாக்கள் படிப்பார்கள் என்பதும் ஒரு காரணம். உன் பெயரும் அவன் பெயரும் போடவில்லை, ஊர் பினாங்கு என்பதோடு சரி. படிக்கும் சொந்தக்காரர்களுக்கு: எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை, குரூப்பில் விசாரிக்க வேண்டாம்.

சண்டை இருக்கிறது. பேச்சு சிகிச்சைப் படிப்புக்கான நேர்முகத் தேர்வில் நான் உன்னைப் பற்றிச் சொன்னது உனக்கு எப்படியோ தெரிந்துபோனது. "என் வாயை வச்சு சீட்டு வாங்கிட்ட" என்று ஒரே ஒரு வரி அனுப்பினாய். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டவர்களிடம் நான் வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்? பிள்ளைகள் என்றால் பிடிக்கும் என்றா? மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் 1995இல் தொடங்கிய துறை இது. கோலாலம்பூர் வளாகத்தில் நான்கு வருடம் உட்கார வேண்டும் என்றால் ஒரு காரணம் வேண்டும். என்னிடம் இருந்த காரணம் நீ. உனக்கு வலித்தது என்றால் அதற்கு வருந்துகிறேன். சொன்னதற்கு வருந்தவில்லை. இரண்டும் ஒன்றில்லை என்று உனக்குப் புரியும்.

அந்தக் கவுண்டரை நானும் மறக்கவில்லை. உனக்குப் பன்னிரண்டு வயது, அடையாள அட்டை எடுக்கப் போனோம். எனக்கு எட்டு. அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார், வீட்டில் விட ஆளில்லை. எண் அழைத்தார்கள், நீ போய் நின்றாய். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மையார் தலை நிமிராமலே "நாமா?" என்று மலாயில் பெயர் கேட்டார். உன் தாடை முன்னால் வந்தது. கழுத்தில் நரம்பு புடைத்தது. வலது கை கால்சட்டைத் தையலைப் பிடித்துக்கொண்டது, கட்டைவிரல் நகம் வெள்ளையாக இருந்தது. என் கண் மட்டத்தில் இருந்தது அந்தக் கைதான், அதனால்தான் இவ்வளவு தெளிவாக நினைவிருக்கிறது. அம்மையார் நிமிர்ந்து பார்த்தார். பின்னால் வரிசையில் ஒருவர் சிரித்தார், அல்லது இருமினார். அம்மா என் முதுகில் கை வைத்தார். தள்ளினாரா, சும்மா வைத்தாரா என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. நான் உன் பெயரைச் சொன்னேன். முழுப் பெயரையும், அப்பா பெயரோடு.

போன தீபாவளிக்கு, எல்லாரும் தூங்கப் போன பிறகு நீ சொன்னாய்: "அன்னைக்கு நீ சும்மா இருந்திருந்தா நான் சொல்லியிருப்பேன்."

சொல்லியிருப்பாய். இப்போது எனக்குத் தெரியும். திக்குபவர்கள் வராத சொல்லை மாற்றி வேறு சொல்லைப் போட்டுத் தப்பிக்கப் பழகிவிடுகிறார்கள், சொந்தப் பெயரை மட்டும் மாற்ற முடியாது. அதனால்தான் அது அவ்வளவு நேரம் எடுக்கிறது. நேரம் கொடுத்தால் வரும். ஆனால் அண்ணா, எனக்கு எட்டு வயது. அதற்கப்புறம் போன் எடுப்பது, கடையில் கேட்பது, வீட்டுக்கு வந்தவரிடம் அப்பா இல்லை என்று சொல்வது எல்லாம் என் வேலையானது. வேண்டாம் என்று நீ ஒரு நாளும் சொல்லவில்லையே. கதவுக்குப் பின்னால் நின்று நான் பேசி முடிக்கக் காத்திருந்தாய். என்னை வாயாடி என்று மொத்தக் குடும்பமும் சொன்னபோது நீயும் சேர்ந்து சிரித்தாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அண்ணி சொன்னார், நீ அவன் முன்னால் பேசுவதைக் குறைத்துவிட்டாயாம். உன்னைப் பார்த்துத்தான் அவன் திக்குகிறான் என்று நினைக்கிறாயாம். இல்லை. பார்த்துப் பழகி வருவதில்லை இது. அமெரிக்காவின் அயோவாவில் வெண்டல் ஜான்சன் என்று ஒரு பேராசிரியர் இருந்தார், அவருக்கே திக்கும். பிள்ளையின் சாதாரணத் தடுமாற்றத்தைப் பெற்றோர் குறையாகப் பார்ப்பதால்தான் திக்குவாய் உண்டாகிறது என்றார். எத்தனையோ வருடங்கள் உலகமே அதை நம்பிப் பெற்றோர்மேல் பழி போட்டது. அந்தக் கருத்து இப்போது நிற்கவில்லை. 2010இல் அமெரிக்க மரபணு ஆய்வாளர் டெனிஸ் டிரெய்னாவின் குழு, பாகிஸ்தானில் திக்குவாய் பரம்பரையாக வரும் குடும்பங்களில் தொடங்கி, அதோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்களைக் கண்டுபிடித்தது. இரத்தத்தில் வருவது. உன்னிடமிருந்து வந்திருக்கலாம், ஆனால் நீ பேசியதால் வரவில்லை. அம்மா வழியிலும் ஒருவர் இருந்தார், யார் என்று உனக்குத் தெரியும், இங்கே வேண்டாம்.

பேசப் பழகும் வயதில் இருபது பிள்ளைகளில் ஒருவருக்குத் திக்குகிறது. பெரும்பாலோருக்குத் தானாகவே போய்விடும். பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் நிற்கிறது. நம் பையனுக்குப் போய்விடும் என்று சும்மா இருக்க எனக்குப் பயம். ஆண் பிள்ளை, குடும்பத்தில் இருக்கிறது, தொடங்கி மாதங்கள் ஆகிவிட்டன. இவை மூன்றும் நிலைத்துப்போகும் வாய்ப்பைக் கூட்டுபவை. மூன்றரை வயது சிகிச்சைக்கு நல்ல வயது. சிட்னியில் உருவான லிட்கம் முறையில் பெரும்பகுதி வேலை வீட்டில்தான். தினமும் கொஞ்ச நேரம் பெற்றோர் பிள்ளையோடு பேசுவார்கள், திக்காமல் வந்த பேச்சை அப்போதே பாராட்டுவார்கள், எப்படிச் செய்வது என்று சிகிச்சையாளர் வாராவாரம் பார்த்துத் திருத்துவார். பேசாத அப்பாவை வைத்துக்கொண்டு அதை எப்படிச் செய்வது?

தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதே. "மூச்சை இழுத்துவிட்டுச் சொல்லு" வேண்டாம். பாட்டி உன் நாக்கில் தடவிய வசம்பும் வேண்டாம். அவன் முடிக்கும்வரை அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இரு, போதும். சொல்வது சுலபம், நீ எத்தனை பேர் முகத்தைப் பார்த்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா?

நான் அவனுக்குச் சிகிச்சை கொடுக்கப்போவதில்லை. முடிவெடுத்துவிட்டேன். நான் இன்னும் மாணவி, தகுதியில்லை. படித்து முடித்தாலும் செய்யமாட்டேன், அவனுக்கு நான் அத்தை. பினாங்கிலேயே ஒருவரைப் பார்த்து அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன். 2016ஆம் ஆண்டுத் துணைச் சுகாதாரத் தொழில் சட்டத்தில் பேச்சு சிகிச்சையாளர்களும் உண்டு, பதிவு பெற்றவர்தானா என்று விசாரித்துவிட்டேன். அரசு மருத்துவமனையிலும் பெயர் கொடுத்து வை, ஆனால் அங்கே அழைக்கும்வரை காத்திருக்காதே.

முதல் நாள் சிகிச்சையாளர் குடும்ப விவரம் கேட்பார். யாருக்குத் திக்கும், எந்த வயதில் தொடங்கியது, இப்போது எப்படி என்று. பதில் சொல்லக் கூடாது என்று அண்ணியிடம் சொல்லிவிட்டேன். எனக்கும் போன் போடாதே, எடுக்கமாட்டேன். அவன் சுகாதாரப் புத்தகத்தைத் தேடி வை, கிளினிக்கில் கொடுத்தது. அண்ணிக்கு எங்கே வைத்தார் என்று ஞாபகம் இல்லையாம்.