எண்ணெய் வந்தால் கிடங்குச் சாவி யாரிடம்?

தமிழக அரசில் எண்ணெய்க் கசிவுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். எந்தத் துறை என்று எழுதாமல் விட்டதற்குக் காரணம் இருக்கிறது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் மழை விட்டதும், வடசென்னை எர்ணாவூரிலிருந்து நாங்கள் போன் போட்ட இடத்திலெல்லாம் இன்னோர் இடத்தைக் கைகாட்டினார்கள். அது எங்கள் வேலை இல்லை, அவர்களைக் கேளுங்கள் என்றே இரண்டு நாள் போய்விட்டது.

அந்த இரண்டு நாளில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கும் மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்த எண்ணெய், வெள்ளத்தோடு வீட்டுக்குள்ளேயே ஏறியிருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு. சோப்புக்கு அசையவில்லை, மண்ணெண்ணெய் நனைத்த துணிக்குத்தான் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. அதற்குள் எண்ணெய் கொசஸ்தலையாற்றுக்குப் போய், வற்றத்தில் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு இறங்கி, ஏற்றத்தில் திரும்பி வந்து, அலையாத்தி வேரில் எல்லாம் அப்பிக்கொண்டது. எண்ணெய் பூசிய கூழைக்கடா ஒன்று பறக்கப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்ததை அந்த வாரம் பார்த்தேன். மச்சான் ஆற்றில் தொழில் செய்பவர். வலையைத் தூக்கிப் பார்த்தார், கண்ணுக்குக் கண் தார் மாதிரி ஒட்டியிருந்தது. “இதத் தொவைக்கிற நேரத்துக்குப் புது வலையே பின்னிடலாம்” என்று கரையிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டார். அப்புறம் அதே ஆற்றில், தன் படகில் போய், மக்கில் எண்ணெய் அள்ளியதும் அவர்தான்.

சரி, இது முதல் தடவையா? 2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. முதலில் பெரிதாக ஒன்றும் கசியவில்லை என்றார்கள், பிறகு 20 டன் என்றார்கள், கடைசியில் 200 டன்னை ஒட்டி வந்து நின்றது. வாடைக் காலம், நீரோட்டம் தெற்கே இழுக்கும், மெரினா தாண்டி திருவான்மியூர் வரை போனது. உறிஞ்சு லாரி கொண்டுவந்தார்கள், எண்ணெய் கூழாகிக் கெட்டிப்பட்டதால் குழாய் இழுக்கவில்லை. கல்லூரிப் பிள்ளைகளோடு நானும் பிளாஸ்டிக் வாளியோடு பாறையில் நின்றேன். ஒரு வாரம் கையில் அந்த நாற்றம் போகவில்லை.

திட்டம் இல்லாமல் இல்லை. தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர் திட்டம் 1996 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி கடலில் கடலோரக் காவல்படை, கரையில் மாநில அரசு. 700 டன் வரையிலான கசிவைத் துறைமுகமும் எண்ணெய் கையாளும் நிறுவனமுமே தங்கள் சாதனங்களை வைத்துச் சமாளிக்க வேண்டும். 200 டன்னுக்கே வாளி எடுத்தோம் என்றால், அந்தச் சாதனங்கள் எங்கே இருந்தன? அதைவிட எனக்குப் பெரிய கேள்வி, ஆறு யாருடையது? கடலும் இல்லை, கரையும் இல்லை. எண்ணெய் வந்ததோ அந்த வழியாகத்தான்.

நிவாரணம் கொடுத்தீர்கள், மறுக்கவில்லை. 2,301 மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாய், 787 படகுகளுக்குப் பழுது பார்க்க 10,000. வலைக்கே போய்விட்டது என்றார் மச்சான். காசிமேட்டில் எண்ணூர் மீன் என்றாலே முகம் சுளித்த நாட்களுக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஆற்றில் எண்ணெய் தெரிந்தால் முதல் ஆறு மணி நேரத்துக்குள் முகத்துவாரத்தில் மிதவைத் தடுப்பு கட்ட வேண்டும். அதற்குத் தடுப்பு எண்ணூரிலேயே ஒரு கிடங்கில் இருக்க வேண்டும், மழை நாளில் ரோடு மூழ்கிய பிறகு வேறு ஊரிலிருந்து லாரியில் வரக்கூடாது. வெள்ளம் வேகமாக ஓடினால் தடுப்பு நிற்காது என்பது எங்களுக்கும் தெரியும். எந்த இடத்தில் ஓட்டம் தணியும், எங்கே குறுக்காகக் கட்டினால் எண்ணெய் ஒதுங்கும் என்று கேட்டால் ஆற்றில் தொழில் செய்பவர்கள் விரல் நீட்டிக் காட்டுவார்கள். அவர்களை வேலைக்குக் கூப்பிடுவதென்றால் கையுறை, முகமூடி, நாள் கூலி எல்லாம் முன்னாலேயே எழுத்தில் இருக்கட்டும். கிடங்குச் சாவி யாரிடம், அவர் ஊரில் இல்லாவிட்டால் யாரிடம் என்பதைக் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை ஒத்திகை பார்க்கலாம். தொழிலுக்குப் போகாத நாளாகப் பார்த்துத் தேதி சொல்லுங்கள், மச்சான் படகோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
எர்ணாவூர்வாசி ஒருவன்