புரூடர் விளக்கு குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தாய்க்கோழியின் சூட்டுக்குப் பதிலாகக் கோழிக்குஞ்சுகளுக்கு வெப்பம் தரும் புரூடர் விளக்குகளில், கிளிப் பொருத்தியவற்றை நாங்கள் ஏன் விற்பதில்லை என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். அதற்கான காரணத்தையும், அதையொட்டிப் பொரித்து ஓரிரு நாளே ஆன குஞ்சுகளுக்கு வெப்பம் கொடுக்கும் முறையையும் இம்மடலில் எழுதுகிறோம்.

எங்கள் சொந்தக் கொட்டகையில் ஓர் இரவு, பலகை விளிம்பைக் கவ்வியிருந்த கிளிப் நழுவி, விளக்கு, தரையில் கூளமாகப் பரப்பியிருந்த மரச்சீவலின் மேல் குப்புற விழுந்துவிட்டது. புகை நாற்றம் அறிந்து ஓடிச் சென்று பார்த்தபோது, உள்ளங்கை அகலத்துக்குக் கூளம் கருகி, ஓரங்களில் கனன்றுகொண்டிருந்தது. குஞ்சுகள் எதிர் மூலையில் ஒடுங்கியிருந்ததால் பிழைத்தன. அன்று முதல் விளக்கைச் சங்கிலியில் மட்டுமே தொங்கவிடுகிறோம். அந்தச் சங்கிலி அறுந்தாலும் தாங்குவதற்கு இரண்டாவதாக ஒரு கம்பியும் கட்டுகிறோம். வயரைப் பிடிமானமாகக் கொள்ளவே கூடாது. பீங்கான் ஹோல்டரும் பல்பைச் சுற்றிக் கம்பிக் கூண்டும் கட்டாயம் வேண்டும். 250 வாட் அகச்சிவப்பு பல்பாக இருந்தால், கூளத்திலிருந்து ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கிக் குஞ்சுகளின் நடத்தைக்கேற்ப ஏற்றி இறக்கலாம். உடையாமலிருப்பதற்காக டெஃப்லான் பூசி விற்கப்படும் பல்புகளை வாங்க வேண்டாம். சூடேறும்போது அப்பூச்சிலிருந்து வரும் புகை பறவைகளைக் கொன்றுவிடும்.

குஞ்சின் உடலில் இருப்பது வெறும் மென்மயிர்தான். இறகு முளைத்து நிறையும் வரை அதனால் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள முடியாது. ஆகையால் முதல் வாரத்தில் விளக்கின் கீழ் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை வைத்து, பிறகு வாரத்துக்கு ஏறத்தாழ 3 டிகிரி குறைத்து வரவேண்டும். வெப்பமானி குஞ்சின் முதுகு உயரத்தில் இருக்கவேண்டும்; சுவரில் மாட்டிய வெப்பமானி கொட்டகையின் வெப்பத்தைத்தான் சொல்லும். குஞ்சு வருவதற்கு முந்தைய நாளே விளக்கைப் போட்டுவிடுங்கள். மேலே உள்ள காற்று சூடாக இருந்தும் கூளம் குளிர்ந்திருந்தால், குஞ்சின் கால் வழியே குளிர் ஏறும்.

எனினும் வெப்பமானியைவிடக் குஞ்சுகளையே நாங்கள் அதிகம் நம்புகிறோம். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஓயாமல் உரக்கக் கீச்சிட்டால் குளிர்கிறது. கீழே அகப்பட்டவை மூச்சு முட்டி இறக்கும். விளக்கை விட்டு விளிம்புக்கு ஒதுங்கி, இறக்கையைத் தளர்த்தி, அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு மிகுதி. எல்லாம் ஒரே பக்கம் நெருங்கி நின்றால், எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வீசுகிறதா என்று தரையோடு கை வைத்துப் பாருங்கள். பரவலாகப் படுத்தும் மேய்ந்தும் மெல்ல முனகிக்கொண்டும் இருந்தால், வெப்பமானி என்ன காட்டினாலும் விளக்கைத் தொடவேண்டாம்.

குளிரால் மட்டுமே குஞ்சு சாகும் என்று எண்ணுவோர் அதிகம்; ஆனால் சூட்டாலும் சாகும். பத்துக் குஞ்சைச் சிறிய அட்டைப்பெட்டியில் விட்டு நடுவில் பெரிய பல்பைத் தொங்கவிட்டால், சூடு தாங்காத குஞ்சுக்கு ஒதுங்க இடமே இராது. விளக்கு ஒரு பக்கமும், தண்ணீரும் தீவனமும் அதன் வட்டத்துக்குச் சற்று வெளியேயும் இருக்கட்டும். குஞ்சுகளைச் சுற்றி வைக்கும் தடுப்பை வட்டமாக அமையுங்கள்; மூலை இருந்தால் அங்கே போய் நெருக்கிக்கொள்ளும். மின்சாரம் நின்றால் மூடிய அறையில் கரியடுப்பு வைக்காதீர்கள், அதன் நச்சுவாயு குஞ்சுகளுக்கும் உங்களுக்கும் ஆபத்து; துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டிகளே போதும்.

முன்பு எங்களிடம் கிளிப் விளக்கு வாங்கியவர்கள் அதைக் கொண்டுவந்தால், கட்டணமின்றிச் சங்கிலியும் கூண்டும் பொருத்தித் தருகிறோம். அதுவரை இரவில் அதை எரியவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குஞ்சுப் பொரிப்பகத்தார்